பந்தைத் திருப்பி உதைத்த பாலகன்

ஞாயிற்றுக்கிழமை. மோகனூர்ப் பக்கத்தில் ஒரு திடல். சற்றுத் தள்ளிக் காவிரி. அக்கரையில் கரூர்ச் சீமையின் தென்னந்தோப்புகள் தெரிகின்றன.

திடலில் உதைபந்தாட்டம். பெரிய பெரிய சங்கங்கள் ஆடும் ஆட்டம் அல்ல. சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் கூடி, கோப்பை ஒன்று வைத்து ஆடும் ஆட்டம். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு 'கோல்' கட்டியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேப்பமர நிழலைத் தேடி உட்கார்ந்துகொண்டார்கள். சில குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு வந்திருக்கின்றன. வேர்க்கடலைக்காரருக்கு நல்ல வியாபாரம்.

ஆட்டம் மும்முரமாக நடக்கும்போது பந்து கோட்டைத் தாண்டி வெளியே ஓடி வருகிறது. அங்கே தாயின் பக்கத்தில் ஒரு பொடியன் நிற்கிறான். ஆட்டக்காரர் ஒருவர் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார். பையன் அம்மாவைப் பார்க்கிறான். பிறகு பந்தைப் பார்க்கிறான். ஓங்கி ஓர் உதை! பந்து திடலுக்குள் போகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். பையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இதே போன்ற ஓர் உதைதான் இந்தியர்களின் உதைபந்தாட்டத்துக்கு ஆரம்பம் என்று சொன்னால் நம்புவீர்களா? அந்த உதையைக் கொடுத்தவனும் ஒரு சிறுவன்தான். அவனும் தாயோடு போனவன்தான். இடம் கல்கத்தா. ஆண்டு 1877.

கங்கைக்குப் போன வண்டி

அந்தச் சிறுவனின் பெயர் நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரி. 1869ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27ந் தேதி பிறந்தவன்.

சர்பாதிகாரி என்ற பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம்! 'சர்வாதிகாரி' என்பதை வங்காளிகள் அப்படிச் சொல்கிறார்கள். நாம் இன்று அந்தச் சொல்லை ஹிட்லருக்கும் முசோலினிக்கும் வைத்திருக்கிறோம். அந்தக் குடும்பத்துக்கோ அது பழைய காலத்து உத்தியோகப் பட்டம். நம் ஊரில் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் என்று குடும்பப் பெயர் நிலைத்துவிடுகிறதல்லவா, அது போல.

தகப்பனார் சூரிய குமார் சர்பாதிகாரி பெயர்பெற்ற டாக்டர். வீட்டில் படிப்புக்குக் குறைவில்லை. அண்ணன் தம்பிகளில் தேவ பிரசாத் என்பவர் பின்னாளில் கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தர் ஆனார். சுரேஷ் பிரசாத் என்பவர் சிறந்த அறுவை வைத்தியர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பந்தை உதைத்துக்கொண்டு திரிவான் என்று யார் நினைத்திருப்பார்கள்!

ஒரு நாள் காலை. தாயார் கங்கை ஸ்நானத்துக்குப் புறப்பட்டார். மகனும் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டான். வயது எட்டு.

கல்கத்தாவில் வில்லியம் கோட்டையைச் சுற்றிப் பரந்த வெளி ஒன்று இருக்கிறது. அதற்கு 'மைதான்' என்றே பெயர். வண்டி அந்த வழியாகப் போயிற்று. அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்து ஒன்றைக் காலால் உதைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். பையன் அதுவரை அப்படி ஒரு விளையாட்டைப் பார்த்ததில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கிப் போய் ஓரமாக நின்றான்.

பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்தது. எடுத்துப் பார்த்தான். இவ்வளவு பெரிய பந்து இத்தனை லேசாக இருக்கிறதே என்று வியந்தான். சிப்பாய் ஒருவன் பந்தைத் திருப்பி உதைக்கும்படி சொன்னான். நாகேந்திரன் உதைத்தான்.

இந்தக் கதையை வங்காளத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இந்தியன் ஒருவன் உதைபந்தை உதைத்தது அதுதான் முதல் தடவை என்றுகூடச் சொல்வார்கள். அதற்குமுன் வேறு எந்தப் பையனும் உதைத்திருக்க மாட்டானா என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? ஆனால் உதைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடாதவன் இந்தப் பையன்தான்.

வாங்கியது வேறு பந்து!

நாகேந்திரன் படித்தது ஹேர் பள்ளியில். மறுநாளே கூட்டாளிகளைக் கூட்டினான். தான் பார்த்ததைச் சொன்னான். நாமும் ஆடலாம் என்றான். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள். வெள்ளைக்காரர் கடைக்குப் போய் ஒரு பந்து வாங்கி வந்தார்கள்.

பள்ளித் திடலில் ஆட்டம் ஆரம்பமாயிற்று. ஆட்டமா அது! யாருக்கும் விதி தெரியாது. பந்து ஒரு பக்கம் உதைத்தால் இன்னொரு பக்கம் ஓடியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

பக்கத்தில் இருந்தது மாநிலக் கல்லூரி. அங்கே ஸ்டாக் என்று ஓர் ஆங்கிலப் பேராசிரியர். அவர் மாடித் தாழ்வாரத்தில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தார். இறங்கி வந்தார். பையன்கள் என்ன ஆடுகிறார்கள் என்று விசாரித்தார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. பையன்கள் வாங்கி வந்தது உதைபந்தே அல்ல! அது 'ரக்பி' பந்து.

ரக்பி என்பது வேறு ஆட்டம். அதன் பந்து உருண்டையாக இராது. உரித்த தேங்காயைப் போல நீளமாக இருக்கும். அதைக் கையில் தூக்கிக்கொண்டும் ஓடலாம். அது தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பிரம்மாவுக்கே தெரியாது.

ஸ்டாக் துரைக்குக் கோபம் வரவில்லை. பையன்களின் ஆசை அவருக்குப் பிடித்துப் போயிற்று. உருண்டையான நிஜப் பந்து ஒன்றை அவரே கொடுத்தார். ஆடும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். ஆண்ட இனத்தைச் சேர்ந்தவர்களில் இப்படியும் சிலர் இருந்தார்கள்.

அந்தப் பையன்கள் தங்கள் கூட்டத்துக்கு 'பாய்ஸ் கிளப்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இந்தியர்கள் அமைத்த முதல் உதைபந்துச் சங்கம் அதுவே என்பார்கள். அதன் தலைவனுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை!

வெறும் விளையாட்டா?

இதற்கு ஏன் இத்தனை பெருமை என்று சிலர் நினைக்கலாம். அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1857ஆம் ஆண்டுப் புரட்சி முடிந்து இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. நாடு முழுவதும் வெள்ளைக்காரர் கையில். வங்காளிகளைப் பற்றி அவர்கள் கேவலமாகப் பேசினார்கள். இவர்கள் படிப்பார்கள், பேனா பிடிப்பார்கள், உடம்பில் பலம் கிடையாது, துணிவும் கிடையாது என்று புத்தகங்களிலேயே எழுதி வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்துத்தான் வளர்ந்தார்கள்.

துப்பாக்கி பிடித்து அவர்களோடு மோத முடியாது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் சமம். இங்கே பதினொரு பேர், அங்கே பதினொரு பேர். இருவருக்கும் ஒரே விதி. அந்த இடம்தான் ஆட்டத் திடல்.

சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு நம் சென்னைக்கு வந்து பேசியபோது, இளைஞர்கள் முதலில் பலசாலிகளாக வேண்டும் என்றார். கீதையைப் படிப்பதைவிட உதைபந்து ஆடினால் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் போகலாம் என்ற கருத்தை அவர் சொன்னது அந்தப் பேச்சில்தான். கேட்டவர்கள் திகைத்துப் போயிருப்பார்கள். சுவாமிகளும் கல்கத்தாக்காரர். நாகேந்திரருக்கு ஆறு வயது மூத்தவர். பந்து உருளும் ஊரில் இருந்து வந்தவர் அப்படிப் பேசியதில் ஆச்சரியம் இல்லை.

குயவர் வீட்டுப் பிள்ளை

நாகேந்திரர் வளர்ந்து கல்லூரிக்குப் போனார். போன இடமெல்லாம் சங்கம் வைத்தார். பேர் பெற்றது 'வெல்லிங்டன் கிளப்'. அதில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஏராளம்.

ஒரு நாள் மணி தாஸ் என்ற இளைஞரைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்றார் நாகேந்திரர். மணி தாஸ் நன்றாக ஆடுவார். ஆனால் சங்கத்தில் சலசலப்பு எழுந்தது. காரணம் என்ன? மணி தாஸின் தகப்பனார் சட்டி பானை செய்யும் குயவர்! அவர் மகனோடு சமமாக நின்று ஆட மாட்டோம் என்று மேல்சாதிக்காரர் பலர் மறுத்தார்கள்.

நாகேந்திரர் என்ன செய்யலாம்? மணி தாஸுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம். சங்கத்தில் சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிடலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்வார்கள். அப்படிச் செய்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் சங்கத்தையே கலைத்துவிட்டார்!

தன் கையால் கட்டிய வீட்டைத் தானே இடிப்பது லேசான காரியமா? அந்தச் சங்கத்தில் பல நூறு பேர் இருந்தார்கள். சாமான்கள் இருந்தன. ஊரில் மதிப்பு இருந்தது. ஓர் ஆட்டக்காரருக்கு இடம் இல்லை என்பதற்காக எல்லாவற்றையும் விட்டார். 1880களின் நடுவில் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயர் 'ஷோபாபஜார் கிளப்'. முதல் உறுப்பினராகப் பதிவான பெயர் எது தெரியுமா? மணி தாஸ்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஷோபாபஜார் என்பது கல்கத்தாவில் பெரிய ராஜ வம்சத்தார் வாழ்ந்த பகுதி. அந்த வம்சத்துப் பெண்ணைத்தான் நாகேந்திரர் மணந்தார். ராஜ வீட்டாரும் சங்கத்துக்குத் துணை நின்றார்கள். அரண்மனைப் பெயரைத் தாங்கிய சங்கத்தின் பட்டியலில் குயவர் மகனின் பெயர் முதலாவதாக நின்றது.

நம் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் எல்லாச் சாதியாரும் நுழைய முடிந்தது 1939இல்தான். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த செய்தி இது. கோப்பைகளையும் பதக்கங்களையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். என்னைக் கேட்டால், நாகேந்திரர் வாழ்க்கையில் பெரிய ஆட்டம் இதுதான்.

மணி தாஸ் பின்னாளில் புகழ்பெற்ற மோகன் பகான் சங்கத்திலும் ஆடினார்.

வியாபாரிகள் கொடுத்த கோப்பை

உதைபந்தாட்டத்தில் போட்டி இரண்டு விதம். ஒன்று 'லீக்'. எல்லாச் சங்கமும் எல்லாச் சங்கத்தோடும் ஆடும். இன்று தோற்றாலும் அடுத்த வாரம் ஆடலாம். மற்றொன்று கோப்பைப் போட்டி. அதில் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால்தான் கோப்பை ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகம். நம் மோகனூர்த் திடலில் நடந்ததும் அந்த வகைதான்.

கல்கத்தாவில் லீக் ஆட்டம் தொடங்கியது 1898இல். ஆனால் 1914 வரை அதில் இந்தியச் சங்கங்களுக்கு இடம் கொடுக்கவில்லை! வெள்ளைக்காரச் சங்கங்களும் பட்டாளக் குழுக்களும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டன. கோப்பைப் போட்டி ஒன்றுதான் இந்தியருக்குத் திறந்த வாசல்.

அப்படித் திறந்த வாசல்தான் 'டிரேட்ஸ் கோப்பை'. கல்கத்தா வியாபாரிகள் கொடுத்தது. 1889இல் தொடங்கியது.

1892ஆம் ஆண்டு. ஷோபாபஜார் சங்கம் அந்தக் கோப்பைக்கு ஆடியது. எதிரே வந்தது 'ஈஸ்ட் சர்ரே' பட்டாளம். கல்கத்தாவில் உதைபந்து மழைக்கால ஆட்டம். மழை பெய்தால் தோல் பந்து நனைந்து கல்லாய்க் கனக்கும். நம்மவர் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். காலில் பூட்ஸ் போட்ட சிப்பாய்கள் மிதித்தால் எலும்பு என்னாகும்? காய்ந்த தரை என்றால் ஓடி ஏய்க்கலாம். சேற்றில் வெறுங்கால் வழுக்கும்.

ஷோபாபஜார் இரண்டு 'கோல்' போட்டது. பட்டாளம் ஒன்றுதான் போட்டது. ஆட்டம் முடிந்தது. இந்தியச் சங்கம் ஒன்று வெள்ளைக்காரப் பட்டாளத்தை வென்றுவிட்டது!

கல்கத்தா முழுவதும் இதே பேச்சு. அன்று நாகேந்திரருக்கு வயது இருபத்து மூன்று நிறையவில்லை. சிப்பாய்கள் ஆடியதை ஓரத்தில் நின்று பார்த்துப் பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது.

அதே 1892இல் நம் மோகனூரில் ஒரு குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. வயது மூன்று. அதுதான் பிற்காலத்தில் நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை. 1888 அக்டோபர் 19ந் தேதி இங்கே பிறந்தவர். கத்தியின்றி ரத்தமின்றி விடுதலை பெறலாம் என்று உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டெழுதியவர். கல்கத்தாவிலும் அன்று கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. முழங்காலில் ரத்தம் மட்டும் கொஞ்சம் இருந்திருக்கும்!

மறுவருஷம், 1893இல், இந்திய உதைபந்துச் சங்கம் ஏற்பட்டது. ஆட்சிக் குழுவில் இருந்தவர்கள் வெள்ளைக்காரர்களே. அதில் இடம் பெற்ற முதல் இந்தியர் காளி மித்ரா. அவர் ஷோபாபஜார் சங்கத்தைச் சேர்ந்தவர். அந்த ஆண்டே 'ஐ.எப்.ஏ. கேடயம்' என்ற பெரிய பரிசுப் போட்டி தொடங்கியது. அதில் சேர்ந்த ஒரே இந்தியக் குழுவும் ஷோபாபஜார்தான். கேடயம் கிடைக்கவில்லை. அதற்கு இன்னும் பதினெட்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

பட்டம் சொன்ன செய்தி

1902இல் நாகேந்திரர் ஆட்டத்தில் இருந்து விலகினார். அவர் விதைத்தது அதற்குள் ஊரெல்லாம் முளைத்துவிட்டது. கல்கத்தாவில் தெருவுக்குத் தெரு சங்கங்கள். அவற்றில் ஒன்று மோகன் பகான். 1889இல் பிறந்தது. டிரேட்ஸ் கோப்பையை 1906, 1907, 1908 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு வென்றது.

1911 வந்தது. வங்காளத்தை கர்சன் பிரபு இரண்டாக வெட்டியிருந்த காலம். ஜனங்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டுக் கேடயப் போட்டியில் மோகன் பகான் ஒவ்வொரு குழுவாக வீழ்த்திக்கொண்டே வந்தது. 'ரைபிள் பிரிகேட்' பட்டாளம் தோற்றது. 'மிடில்செக்ஸ்' பட்டாளம் தோற்றது. ஜூலை 29ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி 'ஈஸ்ட் யார்க்ஷயர்' பட்டாளம்.

அன்று கல்கத்தாவில் நடந்தது திருவிழாதான். வெளியூர்களில் இருந்து ரயிலிலும் நீராவிப் படகிலும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். தனி ரயில் விட்டார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் டிக்கெட்டுகள் பதினைந்து ரூபாய் வரை விலை போயின. பதினைந்து ரூபாய் என்றால் அந்த நாளில் ஒரு குமாஸ்தாவுக்குப் பல நாள் சம்பளம்! கூட்டம் அறுபதாயிரத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள். ஓரத்து மரங்களில் இலை தெரியவில்லை, மனிதர்கள்தான் தெரிந்தார்கள்.

பின்னால் நின்ற ஆயிரக்கணக்கான பேருக்கு ஆட்டம் எப்படித் தெரியும்? அதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். காற்றாடிப் பட்டம் பறக்கவிட்டார்கள். 'கோல்' விழ விழ, எந்தக் குழு எத்தனை என்று பட்டத்தில் எழுதி மேலே ஏற்றினார்கள். தூரத்தில் நின்றவர்கள் ஆகாயத்தைப் பார்த்தே ஆட்டம் அறிந்தார்கள்!

முதலில் யார்க்ஷயர்க்காரர்கள் ஒரு 'கோல்' போட்டார்கள். கூட்டம் அடங்கிவிட்டது. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது மோகன் பகான் தலைவர் சிவதாஸ் பாதுரி பந்தை உள்ளே தள்ளினார். ஒன்றுக்கு ஒன்று. பிறகு அபிலாஷ் கோஷ் என்ற கல்லூரி மாணவர் இன்னொன்று போட்டார். இரண்டுக்கு ஒன்று!

பதினெட்டு ஆண்டு கிடைக்காத கேடயம் கிடைத்துவிட்டது. வென்ற பதினொரு பேரில் பூட்ஸ் போட்டவர் ஒருவர்தான். அவர் சுதிர் சாட்டர்ஜி என்ற கிறிஸ்தவப் பாதிரியார். மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் தெருவில் ஒன்றாக ஆடிப்பாடிப் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் டில்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்து ஆயிற்று. அதற்குக் காரணம் மக்கள் கிளர்ச்சி. ஆனால் கல்கத்தாக்காரர்கள் இன்றும் இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள்!

அன்று நாகேந்திரருக்கு வயது 41.

பிற்காலம்

நாகேந்திரர் உதைபந்து மட்டும் ஆடியவர் அல்லர். கிரிக்கெட், ரக்பி, டென்னிஸ் எல்லாம் ஆடியவர். ஆனால் உதைபந்துக்குத்தான் அவர் பெயர் நிலைத்தது. இந்திய உதைபந்தாட்டத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். 1940ஆம் ஆண்டு ஜனவரி 17ந் தேதி அவர் காலமானார். வயது எழுபது. நாடு விடுதலை அடைந்ததை அவர் பார்க்கவில்லை. அந்த 1947இல்தான் மோகன் பகான் இரண்டாம் தடவையாக அந்தக் கேடயத்தை வென்றது.

2021இல் அவர் கதையை வங்காளிகள் 'கோலந்தாஜ்' என்ற பெயரில் சினிமாவாக எடுத்தார்கள். கங்கைக்குப் போன வண்டியையும் மணி தாஸையும் இன்றைய பிள்ளைகள் அதில் பார்க்கலாம்.

மோகனூர்த் திடலில் ஆட்டம் முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வென்றவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பக்கம் குளிக்கப் போனார்கள். தோற்றவர்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். பந்தை உதைத்த பொடியனை அவன் தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவன் வழியில் கிடந்த தேங்காய் மட்டையை உதைத்துக்கொண்டே போனான்.